பல ஏஜென்ட்கள், ஒரே ரெப்போ: தனிப் பணியிடங்களில் எழும் கோளாறுகளை அறிகுறி வழியே களைதல்

ஒரே ரெப்போவில் (கிட் வரலாற்றோடு கூடிய நிரல் களஞ்சியத்தில்) இரண்டு மூன்று நிரலாக்க ஏஜென்ட்களை (தாமாகவே நிரல் எழுதும் ஏஐ கருவிகளை) ஒரே நேரத்தில் வேலைக்கு விடுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது கிட் ஒர்க்ட்ரீயைத்தான். அது சரியான தொடக்கமும்கூட. 2015-இல் வெளிவந்த கிட் 2.5 பதிப்பிலிருந்து கிடைக்கும் இந்த வசதியால், வரலாற்றைப் பொதுவாக வைத்துக்கொண்டு கிளைக்கு ஒரு கோப்புறை என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. ஆனால் ஒர்க்ட்ரீ பிரித்துத் தருவது கோப்புகளையும், இப்போது எந்தக் கிளையில் இருக்கிறோம் என்று காட்டும் ஹெட் குறியையும், அடுத்த கமிட்டுக்குரிய மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் இன்டெக்ஸையும் மட்டுமே. போர்ட்டுகள், தரவுத்தளம், தற்காலிகக் கோப்புகள், அணுகல் சாவிகள், கிட்டின் ஸ்டாஷ் (கமிட் செய்யாத மாற்றங்களை ஒதுக்கிவைக்கும் அடுக்கு), ஹூக்குகள் (கமிட் போன்ற நேரங்களில் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட்கள்), அமைப்புக் கோப்பு ஆகிய அனைத்தும் பொதுவாகவே இருக்கின்றன. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை, பிரிந்திருப்பதாக நாம் நம்பிய ஏதோ ஒன்று உண்மையில் பொதுவாக இருப்பதிலிருந்துதான் பிறக்கின்றன.

எந்த அறிகுறியானாலும் ஒரே ஒரு சோதனையை முதலில் செய்துவிடுங்கள். மற்ற ஏஜென்ட்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, கோளாறு தெரிந்த பணியிடத்தில் மட்டும் அதே கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் காரணம் பகிர்வில் இருக்கிறது. மறையாவிட்டால் அந்தப் பணியிடத்தின் அமைப்பிலேயே ஏதோ குறை இருக்கிறது. இந்த ஒரு பிரிவு தெரிந்துவிட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

## அறிகுறி: ஒர்க்ட்ரீ உருவாகவே மறுக்கிறது

அந்தக் கிளை ஏற்கெனவே வேறொரு ஒர்க்ட்ரீயில் திறந்திருக்கிறது என்று கிட் சொன்னால், அது உங்களைக் காக்கவே சொல்கிறது. புதிய கிளை ஒன்றை உருவாக்கி அதன்மேல் ஒர்க்ட்ரீயை அமையுங்கள். ஃபோர்ஸ் விருப்பத்தைக் கொடுத்து ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் திறந்தால், ஒன்றில் கமிட் செய்த மறுகணமே மற்றொன்றில் அந்த மாற்றங்கள் நீக்கப்பட்டவை போலக் காட்சியளிக்கும். அங்கிருக்கும் ஏஜென்ட் அடுத்த கமிட்டில் அவற்றை உண்மையாகவே நீக்கிவிடும்.

கிளை எங்கும் திறந்திருக்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்தும் அதே செய்தி வந்தால், யாரோ கோப்புறையை மட்டும் கையால் அழித்திருக்கிறார்கள், பதிவு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று கொள்ளலாம். 'கிட் ஒர்க்ட்ரீ லிஸ்ட்' கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும். 'கிட் ஒர்க்ட்ரீ ப்ரூன்' அதைத் துடைத்துவிடும். கோப்புறையை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்தியிருந்தால் ப்ரூன் வேண்டாம்; நகர்த்திய கோப்புறைக்குள்ளிருந்து 'கிட் ஒர்க்ட்ரீ ரிப்பேர்' ஓட்டினால் இணைப்பு மீண்டுவிடும்.

## அறிகுறி: பழைய கோப்புறையில் ஓடும் நிரல் புதிய பணியிடத்தில் ஓடவில்லை

கிட் கவனிக்காமல் விடும்படி நாம் பட்டியலிட்ட கோப்புகள் எவையும் புதிய ஒர்க்ட்ரீக்கு வருவதில்லை. சூழல் மாறிகளை வைத்திருக்கும் 'என்வ்' கோப்பு, நிறுவப்பட்ட நூலகங்கள், உருவாக்கப்பட்ட குறியீட்டுக் கோப்புகள் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காணாமல் போயிருக்கும். ஒர்க்ட்ரீயை உருவாக்கியதும் இவற்றை ஏற்பாடு செய்யும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை ரெப்போவிலேயே வைத்து, ஏஜென்ட் தொடங்கும் முன் அதை ஓட்டுவதே நிரந்தரத் தீர்வு. நூலகங்களை நிறுவுவதை ஏஜென்ட்டின் பொறுப்பில் விட்டால், நூலகங்களின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பை அது மாற்றிவிட்டு, உங்கள் பணிக்குத் தொடர்பில்லாத வேறுபாடுகளை ஒவ்வொரு கிளையிலும் சேர்த்துவிட வாய்ப்பிருக்கிறது.

நேரத்தை மிச்சப்படுத்த, முதன்மைக் கோப்புறையின் நூலகக் கோப்புறைக்குக் குறுக்கு இணைப்பு (சிம்லிங்க்) கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஏஜென்ட்கள் நூலகப் பதிப்புகளைத் தொடவே மாட்டா என்றால் மட்டுமே அது பாதுகாப்பானது. ஒன்று தொட்டாலும் மற்ற எல்லாப் பணியிடங்களும் அதே நொடியில் மாறிவிடும். நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) உலகில் 'பிஎன்பிஎம்' என்னும் நூலக நிறுவி இதற்கு நல்ல மாற்று: நூலகங்களை ஒரே சேமிப்பில் வைத்து ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஹார்ட் லிங்க் (வட்டில் உள்ள அதே தரவுக்கு இன்னொரு பெயர்) கொடுப்பதால், நிறுவலும் விரைவாக முடிகிறது, வட்டு இடமும் பெருகுவதில்லை. பைத்தானின் மெய்நிகர்ச் சூழலை நகலெடுக்கவே கூடாது. அதன் ஸ்கிரிப்ட்களில் முழுப் பாதை எழுதப்பட்டிருப்பதால், நகலெடுத்த சூழலிலிருந்து கட்டளையை ஓட்டினாலும் பழைய கோப்புறையின் பைத்தானே இயங்கும். ரஸ்ட் திட்டங்களில் எல்லாப் பணியிடங்களும் கட்டுமான வெளியீடு சேரும் 'டார்கெட்' கோப்புறை ஒன்றையே பயன்படுத்தும்படி அமைத்தால், ஒரு கட்டுமானம் முடியும்வரை மற்றொன்று பூட்டுக்காகக் காத்து நிற்கும். அது பிழை அன்று. அந்தத் தாமதம் பொறுக்கவில்லையென்றால் தனித்தனி டார்கெட் கொடுங்கள்.

### துணை அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தவறான பதிப்போடு ஓடுகிறது

இதைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் செலவாகிறது. ஒர்க்ட்ரீயை முதன்மை ரெப்போவின் உள்ளேயே ஒரு துணைக் கோப்புறையாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நோட், தேவையான நூலகம் தன் கோப்புறையில் இல்லையென்றால் மேலே உள்ள கோப்புறைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் செல்லும். ஆகவே உள்ளே அமைந்த ஒர்க்ட்ரீயில் எதையும் நிறுவாமலேயே நிரல் ஓடிவிடும்; ஆனால் ஓடுவது முதன்மைக் கோப்புறையின் நூலகங்களோடு. ஏஜென்ட் நூலகத்தை உயர்த்தியதாகச் சொல்லும், சோதனைகளும் தேறும், உயர்த்தப்பட்ட பதிப்பு மட்டும் ஒருமுறைகூட ஓடியிருக்காது. இதே காரணத்தால் தேடல் கருவிகள் ஒவ்வொரு கோப்பையும் இரண்டிரண்டாகக் காட்டும். சோதனை ஓட்டிகள் பக்கத்து ஏஜென்ட்டின் சோதனைகளையும் சேர்த்து ஓட்டும். தீர்வு எளிது: ஒர்க்ட்ரீகளை ரெப்போவுக்கு வெளியே, அதற்குப் பக்கத்தில் ஒரு தனிக் கோப்புறையில் வையுங்கள்.

## அறிகுறி: ஏஜென்ட் செய்த மாற்றம் வேறொரு கோப்புறையில் போய் விழுகிறது

முதலில் ஏஜென்ட்டின் அறிவுறுத்தல் கோப்பில் முழுப் பாதை எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். "இந்தக் கோப்பைத் திருத்து" என்று முதன்மைக் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுத்துவிட்டு, ஏஜென்ட்டை ஒர்க்ட்ரீயில் தொடங்கினால், அது சொன்னபடியே முதன்மைக் கோப்புறையைத் திருத்தும். பாதைகளை எப்போதும் ரெப்போவின் வேரிலிருந்து சார்புப் பாதையாக எழுதுங்கள். அடுத்து, 'கிட் ரெவ்-பார்ஸ்' கட்டளையை 'ஷோ-டாப்லெவல்' விருப்பத்தோடு ஓட்டி, கிட் எந்தக் கோப்புறையை வேராகக் கருதுகிறது என்று உறுதி செய்யுங்கள்.

பாதைகள் சரியாக இருந்தும் மாற்றம் இடம் மாறுகிறது என்றால், 'கிட்-டிர்' என்னும் சூழல் மாறி அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹூக்கின் வழியாக ஒரு ஸ்கிரிப்ட் தொடங்கும்போது கிட் இந்த மாறியை அமைத்துக் கொடுப்பதால், அந்த ஸ்கிரிப்ட் வேறு கோப்புறைக்குள் சென்று கிட் கட்டளை கொடுத்தாலும் பழைய ரெப்போவின்மேலேயே அது செயல்படும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அந்த மாறியை நீக்கிவிடுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையென்றால், அந்த ஒரு கோப்புறையை மட்டும் பார்க்க முடிந்த கன்டெய்னருக்குள் (டாக்கர் போன்ற கருவி அமைக்கும் தனித்த சூழலுக்குள்) ஏஜென்ட்டை வைப்பதே வழி. அதற்குரிய சிக்கல்களைப் பின்னால் சொல்கிறேன்.

## அறிகுறி: போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது, அல்லது உலாவியில் வேறொருவரின் மாற்றம் தெரிகிறது

எளிய காரணம், முன்பு நிறுத்திய ஏஜென்ட் விட்டுச்சென்ற சேவையகம். ஏஜென்ட்டை நிறுத்தினாலும் அது தொடங்கிய துணைப் புராசஸ்கள் பல நேரம் நிற்பதில்லை. லினக்ஸில் 'எஸ்எஸ்', மேக்கில் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையால் அந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கும் புராசஸின் எண்ணைக் கண்டு, அது எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கியது என்று பார்த்தபின் நிறுத்துங்கள். பெயரை மட்டும் பார்த்து எல்லா நோட் புராசஸ்களையும் ஒரேயடியாகக் கொல்லும் கட்டளை, வேலையில் இருக்கும் மற்ற ஏஜென்ட்களையும் கொன்றுவிடும்.

அடுத்த காரணம், போர்ட் எண் நிரலில் நிலையாக எழுதப்பட்டிருப்பது. பணியிடத்துக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, அதைப் பத்தால் பெருக்கி அடிப்படை எண்ணோடு கூட்டி, அந்தப் பத்துப் போர்ட்டுகளும் அந்தப் பணியிடத்துக்கே உரியவை என்று வைத்துக்கொள்ளும் முறை நன்றாக வேலை செய்கிறது. முதல் பணியிடம் 3010 முதல் 3019 வரை, இரண்டாவது 3020 முதல் 3029 வரை என்று போகும். எண்ணைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிடுவதே இதன் பெரிய நன்மை.

பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் வேறொருவரின் பக்கம் தெரிவதுதான் உண்மையில் ஆபத்தானது. சில மேம்பாட்டுச் சேவையகங்கள், கேட்ட போர்ட் கிடைக்காவிட்டால் ஓசையின்றி அடுத்த எண்ணுக்குப் போய்விடும். வைட் என்னும் வலை மேம்பாட்டுச் சேவையகம் இயல்பாகவே 5173-இல் தொடங்கி இப்படி நகரும். ஏஜென்ட்டோ பழைய எண்ணில் சோதனையை ஓட்டி, பக்கத்துப் பணியிடத்தின் நிரல் சரியாக இருப்பதைப் பார்த்து, தன் வேலை முடிந்ததாக அறிக்கை தரும். வைட்டில் 'ஸ்ட்ரிக்ட்போர்ட்' அமைப்பை இயக்கினால் அது நகராமல் பிழை காட்டி நிற்கும்; பிற கருவிகளிலும் இதற்கு இணையான அமைப்பைத் தேடி இயக்குங்கள். பல ஏஜென்ட்களை வைத்திருப்பவருக்கு, உரக்கச் சொல்லி நின்றுபோகும் சேவையகமே உதவுகிறது.

### துணை அறிகுறி: ஒரு பணியிடத்தில் உள்நுழைந்தால் மற்றொன்றில் வெளியேற்றப்படுகிறது

குக்கிகள் போர்ட் எண்ணைப் பொறுத்துப் பிரிவதில்லை. லோக்கல்ஹோஸ்ட்டின் 3010-உம் 3020-உம் உலாவிக்கு ஒரே குக்கிப் பெட்டிதான். பணியிடத்துக்கு ஒரு உலாவி சுயவிவரம் வையுங்கள். அல்லது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று முடியும் துணைப்பெயர் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் கொடுங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவற்றை உங்கள் கணினிக்கே திருப்பிவிடும்.

## அறிகுறி: தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, சேர்ந்து ஓடும்போது தோற்கிறது

தரவுத்தளத்தைப் பாருங்கள். எல்லா 'என்வ்' கோப்புகளும் ஒரே கோப்பின் நகல்கள் என்பதால், எல்லாப் பணியிடங்களும் ஒரே தரவுத்தளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒன்று அட்டவணையைக் காலி செய்யும் நேரத்தில் மற்றொன்று அதில் வரிகளை எண்ணிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனித் தரவுத்தளப் பெயர் கொடுங்கள். தரவுத்தளச் சேவையகம் ஒன்றாகவே இருக்கலாம். போஸ்ட்கிரெஸ்ஸில், தயாரான ஒரு தரவுத்தளத்தை வார்ப்பாக வைத்து 'டெம்ப்ளேட்' சொல்லோடு புதியதை உருவாக்கினால், மைக்ரேஷன்களை (தரவுத்தள அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்களை) மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. வார்ப்பாக இருக்கும் தரவுத்தளத்தோடு வேறு எந்த இணைப்பும் இருக்கக் கூடாது என்பதால், அதை எந்த நிரலும் நேரடியாகப் பயன்படுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பிரித்த பின்னும் இணைப்புகள் மறுக்கப்பட்டால், போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான இணைப்பு வரம்பு 100 என்பதை நினைவில் கொண்டு, ஒவ்வொரு பணியிடத்திலும் இணைப்புத் தொகுப்பின் அளவைக் குறையுங்கள். எஸ்கியூலைட்டில் தரவுத்தளம் பூட்டப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால், ஒரே கோப்பில் எழுத முயன்று இரண்டு புராசஸ்கள் மோதுகின்றன என்று பொருள். கோப்பின் பாதையைப் பணியிடத்துக்குள் கொண்டுவந்தால் முடிந்தது. தற்காலிகக் கோப்புறையில் நிலையான பெயரோடு கோப்பு எழுதும் சோதனைகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இரண்டு ஏஜென்ட்கள் தனித்தனியே சரியான மைக்ரேஷன்களை எழுதி, இணைக்கும்போது இரண்டும் ஒரே வரிசை எண்ணோடு வந்து நிற்பதும் உண்டு. தரவுத்தளங்களைப் பிரிப்பது இதைத் தீர்க்காது. தரவுத்தள அமைப்பை மாற்றும் வேலையை ஒரு நேரத்தில் ஒரே ஏஜென்ட்டுக்குக் கொடுங்கள்.

இங்கே நிறுத்தி உதவி கேளுங்கள்: 'என்வ்' கோப்பில் இருந்த முகவரி பலர் பகிரும் தரவுத்தளத்தையோ, பயனர்களின் உண்மைத் தரவையோ சுட்டியிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, எல்லா ஏஜென்ட்களையும் நிறுத்திவிட்டுத் தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள். நீங்களாகவே சரிசெய்ய முயன்றால், எந்த நேரத்துக்கு மீட்டெடுப்பது என்று அவர் முடிவெடுப்பது கடினமாகும்.

## அறிகுறி: பூட்டுக் கோப்பு இருப்பதாகச் சொல்லி கிட் நிற்கிறது

'இன்டெக்ஸ்.லாக்' ஒவ்வொரு ஒர்க்ட்ரீக்கும் தனியானது. ஆகவே அந்தப் பிழை வந்தால் அதே பணியிடத்துக்குள் இரண்டு கிட் கட்டளைகள் மோதியிருக்கின்றன, அல்லது ஒன்று பாதியில் செத்திருக்கிறது. எடிட்டர் பின்னணியில் ஓட்டும் கிட் கட்டளையும் இதற்குக் காரணமாகலாம். கிட் புராசஸ் எதுவும் உயிரோடு இல்லை என்று உறுதி செய்தபின்பே அந்தக் கோப்பை அழியுங்கள். அமைப்புக் கோப்பின் பூட்டும், கிளைப் பெயர்களைத் தொகுத்து வைக்கும் 'பேக்ட்-ரெஃப்ஸ்' கோப்பின் பூட்டும் எல்லா ஒர்க்ட்ரீக்கும் பொதுவானவை. சில நொடிகள் பொறுத்து மறுபடி முயன்றால் பெரும்பாலும் தானே விலகும்.

### துணை அறிகுறி: ஸ்டாஷில் வைத்தது மாறி வருகிறது

ஸ்டாஷ் அடுக்கு எல்லா ஒர்க்ட்ரீக்கும் ஒன்றுதான். ஒரு ஏஜென்ட் உள்ளே வைத்ததை மற்றொன்று மேலிருந்து எடுத்துவிடும். ஸ்டாஷைப் பயன்படுத்தவே கூடாது, தற்காலிக கமிட் செய்துகொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தல் கோப்பில் எழுதிவிடுங்கள். முடிந்தால் அந்தக் கட்டளைக்கான அனுமதியையே எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: கன்டெய்னருக்குள் போனதும் கிட் வேலை செய்யவில்லை

"இது கிட் ரெப்போ இல்லை" என்று வந்தால், ஒர்க்ட்ரீயில் 'கிட்' என்னும் பெயரில் இருப்பது கோப்புறை அன்று, முதன்மை ரெப்போவின் பாதையை எழுதி வைத்திருக்கும் ஒரு சிறு கோப்பு என்பதே காரணம். அந்தப் பாதை கன்டெய்னருக்குள் இல்லை. முதன்மை ரெப்போவின் கிட் கோப்புறையையும் அதே பாதையில் இணைத்தால் பிழை போய்விடும். ஆனால் அந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. எழுதும் உரிமையோடு அதை இணைத்தால், கன்டெய்னருக்குள் இருக்கும் ஏஜென்ட் ஹூக்குகளையும் அமைப்புக் கோப்பையும் மாற்ற முடியும். அடுத்த முறை நீங்கள் வெளியே கமிட் செய்யும்போது, அது எழுதிய ஹூக் உங்கள் கணினியில் உங்கள் உரிமைகளோடு ஓடும். பிரித்து வைப்பதற்காகவே கன்டெய்னரைத் தேடியவருக்கு இது பொருந்தாது. அதற்குப் பதில், ஒவ்வொரு கன்டெய்னருக்கும் முழு குளோன் ஒன்றைக் கொடுங்கள். ஒரே வட்டில் உள்ளூர்ப் பாதையிலிருந்து குளோன் செய்தால் கிட் தன் பொருள்களுக்கு ஹார்ட் லிங்க் போடுவதால், நினைப்பதைவிடக் குறைவான இடமே செலவாகும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை முதன்மை ரெப்போவுக்குள் ஃபெட்ச் செய்து, பார்த்து, இணைத்துக்கொள்ளலாம்.

உரிமையாளர் ஐயத்துக்குரியவர் என்று கிட் மறுத்தால், கோப்புறையின் உரிமையாளரும் கன்டெய்னருக்குள் இருக்கும் பயனரும் வேறு வேறு. இந்தச் சோதனை 2022-இல் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. கன்டெய்னரை உங்கள் பயனர் எண்ணோடு தொடங்குவதே நல்ல தீர்வு; ஏஜென்ட் எழுதிய கோப்புகளை வெளியே உங்களால் அழிக்க முடியாமல் போகும் சிக்கலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு பணியிடத்தில் டாக்கர் கம்போஸை (பல கன்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் கருவியை) தொடங்கினால் மற்றொன்றின் கன்டெய்னர்கள் மாற்றியமைக்கப்படுகின்றனவா? கம்போஸ் திட்டத்தின் பெயரைக் கோப்புறையின் கடைசிப் பெயரிலிருந்து எடுப்பதால், வெவ்வேறு இடங்களில் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புறைகள் அதற்கு ஒரே திட்டம்தான். திட்டப் பெயரைச் சூழல் மாறியால் தனித்தனியாகக் கொடுங்கள். கன்டெய்னருக்கு நிலையான பெயர் தரும் வரியை நீக்குங்கள். நெட்வொர்க் முகவரித் தொகுப்பு தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தால், பழைய திட்டங்கள் விட்டுச்சென்ற நெட்வொர்க்குகளை 'டாக்கர் நெட்வொர்க் ப்ரூன்' கட்டளையால் துடையுங்கள்.

## அறிகுறி: வட்டில் இடம் இருந்தும் இடமில்லை என்கிறது, அல்லது புராசஸ் திடீரென்று சாகிறது

லினக்ஸில் கோப்பு மாற்றங்களைக் கண்காணிக்கும் 'ஐநோட்டிஃபை' வரம்பு தீர்ந்தாலும், சாதனத்தில் இடமில்லை என்ற அதே பிழைதான் வரும். பல மேம்பாட்டுச் சேவையகங்கள் சேர்ந்து ஓடும்போது இது எளிதில் நடக்கும். பழைய கெர்னல்களில் ஒரு பயனருக்கான இயல்பு வரம்பு 8192 கண்காணிப்புகள்தான். அதை உயர்த்துங்கள், நூலகக் கோப்புறைகளைக் கண்காணிப்பிலிருந்து விலக்குங்கள். வட்டு உண்மையிலேயே நிறைந்திருந்தால் 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று சொல்லும்.

புராசஸ் 137 என்ற எண்ணோடு முடிந்திருந்தால் அது கொல்லப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் நினைவகம் போதாமல். ஏஜென்ட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே செலவில்லாத தீர்வு. கன்டெய்னர்களுக்கு நினைவக வரம்பு வைத்தால், ஒன்றின் பசி மற்றவற்றைச் சாகடிக்காது. நினைவகம் வாங்குவதும் தொலைக் கணினிக்கு மாறுவதும் அதற்குப் பிறகுதான்.

ஏஜென்ட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மந்தமாகி, பதிவில் 429 என்ற எண் தெரிந்தால், கணினியில் குறை இல்லை. ஒரே சாவியின் அழைப்பு வரம்பை எல்லாரும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

## அறிகுறி: ஒர்க்ட்ரீயை நீக்கியபின் வேலை காணவில்லை

முதலில் எதையும் சுத்தம் செய்யாதீர்கள். 'ஜிசி.ஆட்டோ' அமைப்பைச் சுழியாக்கி, கிட் தானாகத் துடைப்பதை நிறுத்துங்கள். கிளை இன்னும் இருந்தால் அதன் ரெஃப்லாக்கில் (கிளை எந்தெந்தக் கமிட்களில் இருந்தது என்ற பதிவில்) கமிட்கள் கிடைக்கும். கிளையையும் அழித்திருந்தால் அதன் ரெஃப்லாக்கும், ஒர்க்ட்ரீயின் ஹெட் ரெஃப்லாக்கும் போயிருக்கும். அப்போது 'கிட் எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட்-ஃபவுண்ட்' விருப்பத்தோடு ஓட்டினால், எங்கும் தொடர்பற்று மிதக்கும் கமிட்களும் கோப்பு உள்ளடக்கங்களும் ஒரு கோப்புறையில் எழுதப்படும். இயல்பான அமைப்பில் இப்படிப்பட்ட பொருள்களை கிட் இரண்டு வாரங்கள் விட்டுவைக்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம். கமிட் செய்யாவிட்டாலும் 'கிட் ஆட்' செய்த கோப்பின் உள்ளடக்கம் இவ்வாறு கிடைக்கும். அதுவும் செய்யாதது கிட்டுக்குத் தெரியவே தெரியாது. ஒர்க்ட்ரீயை நீக்கும்போது மாற்றங்கள் இருந்தால் கிட் மறுக்கும், ஆனால் கவனிக்காமல் விடும்படி பட்டியலிட்ட கோப்புகளுக்காக அது மறுப்பதில்லை. 'என்வ்' கோப்பில் ஏஜென்ட் சேர்த்த வரிகள் இப்படித்தான் தொலைகின்றன.

## அறிகுறி: அணுகல் சாவி ஒன்று கமிட்டில் அல்லது ஏஜென்ட்டின் பதிவில் தெரிகிறது

இங்கே எளியதிலிருந்து தொடங்கும் வரிசை பொருந்தாது. முதலில் அந்தச் சாவியை வழங்கிய இடத்தில் ரத்து செய்து புதியது பெறுங்கள். வரலாற்றைத் திருத்துவது அதன் பின்புதான், ஏனென்றால் ஒருமுறை வெளியே புஷ் செய்யப்பட்ட கமிட்டை யார் எடுத்துச் சென்றார்கள் என்று அறிய வழியில்லை. சாவி உங்கள் சோதனைக் கணக்குக்கு மட்டும் உரியதாக இருந்தால் நீங்களே முடித்துக்கொள்ளலாம். அது பிறரின் தரவைத் திறக்கக்கூடியதாக இருந்தால், ரத்து செய்த கையோடு பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். ஏஜென்ட்டின் பதிவுகளை அழிக்காமல் அப்படியே ஒப்படையுங்கள். மறுபடி தொடங்கும்போது ஒவ்வொரு பணியிடத்துக்கும் தனிச் சாவி, தேவையான குறைந்தபட்ச உரிமையோடு, காலாவதி நாளோடு கொடுங்கள். டாக்கரைக் கட்டுப்படுத்தும் வாயிலான டாக்கர் சாக்கெட்டைக் கன்டெய்னருக்குள் இணைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். அதைத் தொட முடிந்த ஏஜென்ட்டுக்கு உங்கள் கணினியின் ரூட் உரிமையே கையில் இருக்கிறது.